பூட்டிய குழாயும் தண்ணீர்ப் பந்தலும்

எங்கள் கொட்டடிக் குழாயைப் பூட்டியவர் எங்களை வேலைக்கு வைத்த மேஸ்திரிதான். அந்தத் தண்ணீரை எடுத்துப்போய்த் தன் பேரில் தர்மம் செய்தவரும் அவர்தான். போன மாதம் கோயில் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டு, ஏழைக் கூலிகளின் தாகம் தீர்த்தவர் என்று பேசினார்கள். நானும் கூட்டத்தில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ரங்கூன் என்றால் மழை என்று ஊரில் நினைக்கிறார்கள். மழை வைகாசியில்தான் வரும். மாசி முடிந்ததிலிருந்து அதுவரை வானம் வெறும் வானம். பாலைவனம் மாதிரி என்று ஆபீஸ்காரர்கள் சொல்வார்கள். பாலைவனத்தில் தகரக் கூரை கிடையாது. எங்களுக்கு இருந்தது.

ரங்கூனில் லத்தா பேட்டைக்கு மேற்கே எங்கள் கொட்டடி. அறைக்குப் பன்னிரண்டு பேர். எல்லோரும் துறைமுகத்தில் அரிசி மூட்டை ஏற்றுகிறவர்கள். வெயில் முற்றிய வாரங்களில் நடுப்பகலில் இரண்டு மணி நேரம் வேலை நிற்கும். அறைக்கு வந்து, கோணிச் சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவோம். தரையில் தண்ணீரை ஊற்றி அதிலேயே படுப்போம். உப்புப் போட்ட நீராகாரம் ஆளுக்கு ஒரு குவளை. இதுதான் எங்கள் வைத்தியம். முற்றத்துக் குழாய் இருந்தால்தான் இது நடக்கும்.

என் அக்காள் புருஷனும் அதே அறையில் இருந்தார். எந்தக் கஷ்டத்திலும் கேலி பேசுகிற ஆள். ஈரத் தரையில் படுத்துக்கொண்டு சொல்வார்: "நாமெல்லாம் புழுங்கலு, மாப்ளே. பச்சரிசியெல்லாம் கியாக்டடாவுல காத்தாடிக்குக் கீழ ஒக்காந்திருக்கு." கியாக்டடா துரைமார் ஆபீஸ்கள் இருக்கிற பேட்டை.

ஒரு பங்குனியில் குழாயில் பூட்டு விழுந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திறப்பார்கள். முனிசிபாலிட்டி உத்தரவு என்றார் மேஸ்திரி. நம்பினோம். நடுப்பகலில் சாக்குகள் காய்ந்து கிடந்தன. அதே வாரம் அவர் கியாக்டடாவில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டார். ஓலைக் கூரை, வெட்டிவேர் போட்ட பானைகள், முன்னால் அவர் பேர் எழுதிய பலகை. கூலிகள் நடமாடுகிற துறைமுகத்தில் போடவில்லை. பெரிய மனிதர்கள் வண்டியில் போகிற சாலையில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அவ்வளவு தூரம் நடந்துபோய் வரிசையில் நின்று குடித்தோம். மச்சான் பலகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு நடுப்பகலில் மச்சான் அறைக்கு வந்ததும் விழுந்தார். உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. என்னைப் பார்த்து அக்காளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அறையில் இரண்டு குவளைத் தண்ணீர்தான் இருந்தது. அதைத் தலையில் ஊற்றிவிட்டுக் கொட்டடிக் காவல்காரனிடம் ஓடினேன். சாவி தன்னிடம் இல்லை என்றான். "மேஸ்திரியோட தண்ணி வண்டிக்காரன் இடுப்புல இருக்கும். பந்தல்ல போய்ப் பாரு."

வண்டிக்காரனிடம் எங்கள் குழாய்ச் சாவி எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. வெறுங்காலோடு கியாக்டடா வரைக்கும் ஓடினேன். பந்தல் நிழலில் மேஸ்திரி நாற்காலி போட்டு, இரண்டு துரைமார் குமாஸ்தாக்களோடு பேசிக்கொண்டிருந்தார். மச்சான் சாகக் கிடக்கிறார், சாவியைக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு குடம் தண்ணீராவது கொடுங்கள் என்றேன்.

"பந்தல் தண்ணி குடிக்கத்தான். கொடத்துல கொண்டுபோக இல்ல. போய் வரிசையில நில்லு."

"சாவிங்க."

"முனிசிபாலிட்டி உத்தரவ நான் மீறணுமா?"

பின்னால் பீப்பாயை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "உத்தரவும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. வெள்ளன நீங்க வேலைக்குப் போனதும் ஒங்க குழாயிலதான் நாலு வண்டி பிடிக்கிறேன், மூணு மணிக்கு மேல ரெண்டு. நீங்க பிடிச்சா பந்தலுக்குப் பத்தாதுன்னு பூட்டச் சொன்னாரு." சாவி அவன் அரைஞாணில் தொங்கியது. கை நீட்டினேன். அவன் மேஸ்திரியை ஒரு தரம் பார்த்துவிட்டு அதை வேட்டிக்குள் செருகிக்கொண்டான்.

வெறுங்கையோடு திரும்பி ஓடினேன். கொட்டடிக்கு எதிரே மோஹிங்கா என்கிற மீன் சூப் விற்கும் பர்மாக்காரி மச்சானைத் தன் வாசலுக்கு இழுத்துவரச் செய்து, கிண்ணம் கழுவ வைத்திருந்த ஜாடித் தண்ணீர் முழுவதையும் அவர்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திட்டினாள். 'யே' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. தண்ணீர். இத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒரு வாளித் தண்ணீர் இல்லையா என்று கேட்டிருப்பாள்.

மச்சான் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அரை மணி நேரம் வெயிலில் நின்றால் தலை சுற்றி விழுவார். மூட்டை தூக்குகிறவனுக்கு அது கால் போன மாதிரி. ஆனியில் அவரைக் கப்பலேற்றினேன். கேலி பேசுவது நின்றுபோயிருந்தது. ஊரில் அக்காள்தான் இன்றுவரை களை வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள்.

எங்கள் கொட்டடியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவரும் பூட்டை உடைக்கவில்லை. வேலை கொடுப்பவர் அவர். அடுத்த ஞாயிறும் அதே பந்தலில் வரிசையில் நின்றோம். நானும் நின்றேன். தாகம். கும்பிடவில்லை, அவ்வளவுதான்.

மேஸ்திரி இப்போது கோயில் தர்மகர்த்தா. பங்குனி உத்திரத்தன்று அதே மேடையில் இந்தத் தடவை அவரே பேசப்போகிறாராம். பேசட்டும். ஆனால் முதலில் சபை கேட்க இதற்குப் பதில் சொல்லட்டும்: மேஸ்திரியாரே, குழாயைப் பூட்டச் சொன்னது முனிசிபாலிட்டியா, நீரா? உத்தரவு இருந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.