பொங்கியண்ணனின் கட்டண விலக்கு மனு

கொல்லங்கோட்டில் சைக்கிள் கடை நடத்திக்கொண்டே பத்திரிகைக்குச் செய்தி எழுதிவந்தார் பொங்கியண்ணன். பண்ணையார்களிடமிருந்து அரசாங்கம் எடுத்த உபரி நிலம் எந்த ஏழைக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுத, எழுபத்து நாலில் தாலுகா ஆபீசில் நிலம் பெற்றவர்கள் பட்டியலின் நகல் கேட்டார். நகலுக்கு நாற்பது ரூபாய் கட்டணம். நிலமில்லாதவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்றார்கள். தனக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது என்று மனுக் கொடுத்துவிட்டு, ஐந்து மாதம் நாயாய் அலைந்தார். கடைசியில் குமாஸ்தா மனுவைத் திருப்பி நீட்டினார்.

"உங்களுக்கு விலக்கு இல்லீங்க. அந்தப் பட்டியல்லயே உங்க பேரு இருக்குதுங்க. ஒரு ஏக்கர் வாங்கியிருக்கீங்க."

பொங்கியண்ணன் மனுவைக் கையில் வாங்காமலே கேட்டார்.

"நானுங்களா? ஏனுங்க, எங்கீங்க இருக்குது அந்தப் பூமி?"

"நகல் எடுத்துப் பாத்துக்குங்க. நாப்பது ரூவாய்ங்க."