பேர்சி நடித்த படம்

யேசுதாசன் நல்ல மனுசன் என்று சுவிஸ் நாட்டு லாங்கன்தாலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பிந்திப் போனதில்லை, யாரோடும் முகம் முறித்துக் கதைத்ததில்லை. தமிழ்ப் பூசையில் காணிக்கைத் தட்டு எடுப்பவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனுசனுக்குள்ளே ஒரு கொள்ளிக்கட்டை வருடக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? அந்தக் கொள்ளிக்கட்டையின் பெயர் பேர்சி.

பேர்சி அவருடைய சகலன். மக்டலினை யேசுதாசன் கட்டினார், மக்டலினின் தங்கை மேர்சியைப் பேர்சி கட்டினான். அக்காவையும் தங்கையையும் கட்டிய இரண்டு ஆம்பிளைகளைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்கிற வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறதே, அதைத் தொடக்கிவைத்தவன் வாயில் மண் விழ! பேர்சி சுவிசுக்கு வந்து இறங்கியபோது ஸ்டேஷனில் நின்று கூட்டி வந்தவர் யேசுதாசன். முதல் குளிருக்கு ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. பிறகு என்ன? ஜாக்கெட்டைப் போட்டவன் முந்திக்கொண்டு ஓடினான். ஜெர்மன் மொழி அவன் வாயில் வெண்ணெயாக வழுக்கியது. சுவிசின் சிவப்புப் பாஸ்போர்ட் அவனுக்குத்தான் முதலில் வந்தது. ஷாஃப்ஹவுசனில் சொந்த வீடும் வாங்கினான். மன்னாரிலிருந்து மாமி வீடியோவில் வந்தால், முகம் தெளிய முதலே, "பேர்சித் தம்பி எப்பிடி இருக்கிறார்?" என்பார். மூத்த மருமகன் பக்கத்திலேயே மரக்கட்டை போல உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவையும் பொறுத்தவருக்குச் சினிமா விஷயத்தில் மட்டும் பொறுமை போய்விட்டது.

தமிழ்ச் சினிமாவில் ஒரு பெரிய நடிகர், பெயரை இங்கே சொல்ல வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் கற்பூரம் கொளுத்துவார்கள், மீதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். யேசுதாசன் கற்பூரக் கட்சி. மீசை அரும்பாத வயதிலிருந்தே அந்த நடிகர்தான் அவருக்கு எல்லாம். அவர் நடை, அவர் திரும்புகிற விதம், அவர் கண்ணாடியைக் கழற்றுகிற விதம், எல்லாம் யேசுதாசனுக்கு மனப்பாடம். பேர்சி? எந்தப் படம் போட்டாலும் அரை மணித்தியாலத்தில் குறட்டை விடுகிற ஜென்மம்.

போன கோடையில் அந்த நடிகரின் புதுப்படக் கூட்டம் ஷாஃப்ஹவுசனில் வந்து இறங்கியது. சண்டையும் சிரிப்பும் கலந்த படம். ஒரு சதுக்கத்தில் நடிகர் நாலைந்து வெள்ளைக்காரரை உதைத்துவிட்டு, குறுக்கே வரும் வெயிட்டர் ஒருவனுக்கு ஒரு அறை கொடுத்துவிட்டு, ஆறுதலாக நடந்து வரவேண்டும். வேடிக்கை பார்க்கச் சனம் தேவை. செய்தி காதில் விழுந்ததும் பேர்சி லாங்கன்தாலுக்குத்தான் முதலில் போன் அடித்தான்.

"அண்ணை, உங்கட ஆள் வந்திருக்கிறார்! லீவைப் போட்டிட்டு ஓடி வாங்கோ. நீங்கள் வராட்டி நான் போகமாட்டன்."

யேசுதாசன் தலைக்கு மை பூசி, மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சென்னையிலிருந்து வந்த உதவி இயக்குநர்ப் பெண் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கோட் போட்ட அங்கிள், நீங்க பின்னாடி போங்க. பக்கத்துல ஜீன்ஸ் போட்டவர், நீங்க வாங்க சார். நீங்கதான் வெயிட்டர். ஹீரோ உங்களை அறைவாரு."

அங்கிளாம்! அந்த ஹீரோ யேசுதாசனைவிடப் பத்து வயது மூத்தவர். மகள் வயதுப் பெண்ணோடு பூந்தோட்டத்தில் உருளுகிறவர் ஹீரோ, இவர் அங்கிள்.

பேர்சி பதறிப்போனான். "தங்கச்சி, அண்ணையை எடுங்கோவன். அவருக்குத்தான் உங்கட ஹீரோவில சரியான விருப்பம்." அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேர்சியின் கையில் ஒரு தட்டைக் கொடுத்து நிறுத்திவிட்டு, சனத்தைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் ஹீரோவை மட்டும் பாருங்க! வேற எங்கயும் பார்க்கக் கூடாது!"

வாழ்நாளெல்லாம் கும்பிட்ட மனிதர் பத்தடி தூரத்தில் நடந்து வந்தார். யேசுதாசன் கண்ணில் பட்டது பேர்சியின் கன்னம் மட்டும்தான். அந்தக் கை அந்தக் கன்னத்தில் படப்போகிறது. குறட்டை விடுகிறவனின் கன்னத்தில்!

அன்றிலிருந்து பேர்சி 'நடிகர் பேர்சி' ஆனான். கோயில் திருநாளில் பிள்ளைகள் அவனோடு செல்ஃபி எடுக்க முண்டியடித்தார்கள். மாமி மன்னார் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். யேசுதாசன் எல்லோரோடும் சேர்ந்து, "ஓம் ஓம், எங்களுக்கும் பெருமைதானே," என்று பல்லைக் காட்டினார். ஆவணியில் மரியஸ்டைன் மாதாவிடம் யாத்திரை போனபோது, மற்றவர்கள் நோய் தீரவும் பிள்ளைகள் சோதனையில் பாஸாகவும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். இவர் பெரிய திரியாகப் பார்த்து ஒன்று கொளுத்தி, "தாயே, வேறொன்றும் கேட்கவில்லை. பேர்சி வருகிற அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிடு," என்று மன்றாடினார். மாதாவிடம் கேட்கிற வரமா இது!

"என்னப்பா, இவ்வளவு பெரிய திரி?" என்று மக்டலின் கேட்டாள்.

"பேர்சியின்ர படம் நல்லா ஓடோணும் எண்டு."

பொய்யைப் பாருங்கள், அதுவும் மாதா முன்னால்.

படம் சூரிச்சில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஓடியது. பேர்சி உறவுக்காரருக்கெல்லாம் ஒரு வரிசையையே பிடித்து வைத்திருந்தான். யேசுதாசனுக்கு ஒரு பக்கம் பேர்சி, மறுபக்கம் மக்டலின்.

படம் எப்படி? ஐயோ, கேட்காதீர்கள். நடிகர் சமையல்காரனாக வேடம் போட்ட உளவாளியாம். கரண்டியால் துப்பாக்கிக் குண்டைத் தடுத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றுவதை ஐந்து கோணத்தில் காட்டினார்கள். கூட வந்த நகைச்சுவை நடிகர் தொண்டை கிழியக் கத்தினார், ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. கதையை எங்கேயோ தொலைத்துவிட்டு, நடிகரின் நடையை மட்டும் வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். முதல் காட்சிக்கு விசில் அடித்தவர்களே இடைவேளைக்குள் போனை நோண்டத் தொடங்கிவிட்டார்கள். வேறு நாளென்றால் யேசுதாசன் அழுதிருப்பார். அன்றைக்குப் படம் சாகச் சாக அவருக்கு உயிர் வந்தது. இந்தக் குப்பையில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன!

இடைவேளைக்குப் பிறகு ஷாஃப்ஹவுசன் சதுக்கம் வந்தது. வரிசை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. திரையில் தட்டேந்திய ஒரு கை மட்டும் வந்தது. 'பளார்' என்று சத்தம் கேட்டது. தட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

"எங்கயப்பா உங்கட முகம்?" என்றாள் மேர்சி.

மாதாவே! யேசுதாசனுக்குக் கை தானாக நெற்றிக்குப் போனது, சிலுவை போட. தாய் மன்றாட்டைக் கேட்டுவிட்டாள்.

கை நெற்றியிலேயே நின்றது. திரையில் நடிகர் ஆறுதலாக நடந்து வந்தார். பின்னால் நின்ற சனம் முழுவதும் அவரையே வாய்பிளந்து பார்த்தது. அவர் தோளுக்கு மேலே ஒரே ஒரு முகம் மட்டும் வேறு பக்கம் பார்த்தது. கோட்டும் தலையில் பூசிய மையும் பளிச்சென்று தெரிந்தன. பல்லைக் கடித்து, வாயைக் கோணி, ஒரு கண்ணைச் சுருக்கி, யாரையோ பார்வையாலேயே பொசுக்கிக்கொண்டு நின்றது அந்த முகம். படம் எடுத்தவர்கள் அதைக் கண்டுவிட்டார்கள். நகைச்சுவை நடிகரின் குரலில் ஒரு வசனத்தைப் பிறகு சேர்த்திருந்தார்கள்.

"அண்ணே, பின்னாடி பாருங்க! சொந்தக்காரன் வீடு வாங்கினதைப் பார்த்தவன் மாதிரியே நிக்கிறான்!"

தியேட்டர் வெடித்தது. அந்தப் படத்தில் சனம் மனம்விட்டுச் சிரித்த ஒரே இடம் அதுதான்.

"எங்கட அண்ணையடா அது!" பேர்சி துள்ளி எழும்பி விசிலடித்தான். "அண்ணை! உங்களைப் போட்டிட்டாங்கள்!"

யேசுதாசன் சிரிக்கப் பார்த்தார். மக்டலின் சிரிக்கவில்லை. திரை வெளிச்சத்தில் திரும்பி அவரையே பார்த்தாள். அந்த முகம் அவளுக்குப் புதிதில்லை. பேர்சி புதுவீடு குடிபுகுந்த அன்று, கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் ஒருதரம் கண்டிருக்கிறாள். என்னவென்று கேட்டதற்குப் பல்லுவலி என்று சொல்லியிருந்தார்.

"அண்டைக்கும் பல்லுவலியோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வெளியே வந்ததும் தெரிந்தவரும் தெரியாதவரும் கை கொடுத்தார்கள். யாரோ அந்தத் துண்டைப் போனில் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் வரை பேர்சி அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னை வெட்டிப்போட்டாங்கள், பறவாயில்லை. நீங்கள் வந்ததே எனக்குக் காணும் அண்ணை. அதுசரி, ஆரைப் பாத்து அப்பிடி ஒரு முகம் வைச்சனீங்கள்?"

பேர்சி பிளாட்பாரத்திலேயே நடித்துக் காட்டத் தொடங்கினான். இல்லாத தட்டை ஏந்திக்கொண்டு, "நான் இதில நிண்டனான். அவர் அந்தப் பக்கத்தால வந்தவர். நீங்கள் அதில நிண்டு..." என்றவன் திரும்பி, அவர் பார்த்த பக்கத்தை அளந்தான். தட்டேந்திய கை அந்தரத்தில் நின்றது.

"என்னையோ அண்ணை?"

இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மக்டலின் நின்றாள்.

"ஓம்," என்றார்.

பேர்சி கையை இறக்கினான். "எனக்கு அண்டைக்குப் பயத்தில கால் நடுங்கினது. அவ்வளவு சனத்துக்குள்ள உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். வெயிலுக்கு உங்கட முகம் வடிவாத் தெரியேல்லை. எனக்காக மன்றாடுறீங்கள் எண்டு நினைச்சன்."

ஷாஃப்ஹவுசன் ரயில் வந்தது. எப்போதும் கட்டிப்பிடித்து, "போயிட்டு வாறம் அண்ணை," என்கிறவன், அன்றைக்கு மேர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போறம்," என்று மட்டும் சொன்னான். விடைபெறும்போது நம்மவர்கள் வாயில் வராத சொல்.

மக்டலினின் போன் அடித்தது. மன்னாரிலிருந்து வீடியோ. மாமிக்குப் பின்னால் அயலட்டை முழுவதும் நின்று சிரித்தது.

"எங்க என்ர மூத்த மருமகன்? முதல்ல அவரிட்டைக் குடு!"

எத்தனை வருடம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்! மக்டலின் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"தம்பி, சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது. அந்த முகத்தை இன்னொருக்காச் செய்து காட்டுங்கோவன். இஞ்ச எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

யேசுதாசன் பல்லைக் கடித்தார், கண்ணைச் சுருக்கினார். அந்த முகம் வரவில்லை. அழுகைதான் வந்தது.