நாலு ஓட்டு வீடு

எங்கள் வீட்டில் நாலு ஓட்டு. கணவர், நான், கொழுந்தன், மகள். மகளுக்குப் பதினெட்டு முடிவதற்கு முன் மூன்றாக இருந்தது. மூன்றோ நாலோ, கணவருடைய கட்சியின் வார்டு கமிட்டிக்காரர் வாக்காளர் பட்டியலோடு வாசலில் வந்து நின்றால், கணவர் ஒரே மூச்சில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார். கமிட்டிக்காரர் பட்டியலில் டிக் போட்டுக்கொள்வார். ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை.

கேரளத்துக் கல்லாற்றில், பொன்முடி மலைக்கு ஏறும் வண்டிகள் நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு சாயாக்கடை. ஓடைக்கு அக்கரையில்தான் எங்கள் வீடுகள். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த பதினாலு தமிழ்க் குடும்பங்கள்; எஸ்டேட் பழக்கத்தில் எங்கள் வீட்டு வரிசையை லைன் என்பார்கள். ஓடைக்குக் குறுக்கே இரண்டு தென்னந்தடிகளைக் கிடத்தியிருந்தோம், அதுதான் பாலம். பெருமழை பெய்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமாட்டார்கள். ஒரு தேர்தல் சமயத்தில் கட்சி நோட்டீஸ் கட்டோடு என் கணவரே அதிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்து, "நம்ம ஆளுங்க ஜெயிச்சா பாலம் வரும்" என்றார். அவர்கள் ஜெயித்தார்கள். கை எலும்பு கூடியது, பாலம் வரவில்லை.

போன பஞ்சாயத்துத் தேர்தலுக்கு முன்னால், அதே கமிட்டிக்காரரும் இன்னொருவரும் என் கடை பெஞ்சில் பட்டியலை விரித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கரை லைனோ?" என்று அந்த இன்னொருவர் கேட்டார்.

"அது ஆலோசிக்கண்டா. தமிழன்மாரு நம்ம பெட்டியில் உண்டு."

எங்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாமாம். நான் இரண்டடி தள்ளி நின்று அவருக்குத்தான் சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன். பிறகு மேட்டிலிருக்கிற மேல்முக்கு வீடுகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். மேல்முக்குக்காரர்கள் ஒரு தேர்தலில் இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். அங்கே இரண்டு தடவை தார் போட்டாயிற்று, தெருவிளக்கும் எரிகிறது. எங்களுக்கு ஏன் பாலம் வரவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஓட்டு உறுதி என்பதால் இவர்கள் செய்யவேண்டிய அவசியமில்லை. எங்கள் ஓட்டு கிடைக்காது என்பதால் எதிர்க்கட்சிக்காரர்கள் ஓடையைத் தாண்டவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாயாவுக்குச் சர்க்கரை போட்டேனா என்றுகூட நினைவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி வந்தார்கள். என் கணவரும் அவர்களோடுதான் வந்தார், தோளில் கட்சித் துண்டு.

"எழுதிக்கோங்க, நாலு" என்றார்.

"மூணு எழுதுங்க" என்றேன்.

கமிட்டிக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "என் ஓட்ட இன்னும் யாருக்கும் சொல்லல. பாலத்தப் பத்தி என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டு யோசிக்கேன்."

"சேச்சி தமாஷ் பறயுந்நு, அல்லே?" என்று, அக்கா விளையாட்டாகச் சொல்கிறாள்தானே என்பதுபோல், என் கணவரைப் பார்த்துக் கேட்டார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. கணவருடைய முகம் கறுத்துவிட்டது. சொந்த வீட்டு ஓட்டையே பிடிக்கத் தெரியாதவர் என்று கமிட்டியில் பேச்சு வரும், அது எனக்கும் தெரியும். பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். அவர்கள் அவள் வாசலுக்குப் போனதும், "எங்க வீட்டுலயும் ஒண்ணு கொறச்சுக்கோங்க" என்றாளே பார்க்கலாம். லைன் முடிவதற்குள் ஒன்பது பெண்கள் அப்படிச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் என் கணவர் என் கடையைத் தாண்டிப் போய் வேறு கடையில் சாயா குடித்தார். அதற்கு மறுநாள் எதிர்க்கட்சி வேட்பாளர் முதல் தடவையாக அக்கரைக்கு வந்தார். தென்னந்தடி வழுக்கி, முழங்கால்வரை வேட்டி நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. பாலம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

கணவருடைய கட்சியே ஜெயித்தது, ஆனால் மயிரிழையில். "நீ யாருக்குப் போட்ட?" என்று கணவர் ஒரு வாரம் நச்சரித்தார். முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். இங்கேயும் எழுதப் போவதில்லை.

பாலம் வந்தது. ஒரு மழைக்காலம் தாண்டி, இரும்புக் கைப்பிடியோடு கான்கிரீட் பாலம். திறப்புவிழாக் கல்லில் மெம்பர் பெயர் இருக்கிறது. இருக்கட்டும், பிள்ளைகள் நனையாமல் போகிறார்கள்.

அடுத்த தேர்தலுக்கு அதே கமிட்டிக்காரர் அதே பாலத்தில் நடந்து வந்தார். பட்டியலைத் திறந்து, பழக்கதோஷத்தில் என் கணவரைப் பார்த்தார். "இந்த வீட்டில் நாலல்லே?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார். "எனக்கு ஒண்ணு எழுதுங்க. மத்ததுக்கு அவங்கவங்ககிட்ட கேளுங்க."

கமிட்டிக்காரர் பேனாவோடு என் பக்கம் திரும்பினார். என் பெயரைப் பட்டியலில் தேடி, வாய்விட்டுப் படித்து, "சேச்சி என்ன பறயுந்நு?" என்று கேட்டார்.

"தெருவிளக்கு இல்லையே, அண்ணாச்சி" என்றேன். "உக்காருங்க, பேசலாம்."