சுருண்ட கறுப்புக் கொடிகள்

எதிர்க்கட்சி மறுபடியும் மாநிலம் முழுக்க மறியல் அறிவித்திருக்கிறதாம். காலையில் போனில் செய்தி வந்தது. தொழில் படுத்துக் கிடக்கும் நேரம், கேட்கவா வேண்டும்? எனக்கு உடனே கறுப்புச் சாயத் துணியின் நெடி மூக்கில் ஏறியது. அந்தக் கொடிக் கதையை உங்களுக்குச் சொன்னேனா?

நூல் விலை ஏறித் திருப்பூரே முடங்கிய வருஷம் அது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து எனக்கு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. முதலாளி கம்பெனியைப் பூட்டிவிட்டார். திறக்காவிட்டால் நான் ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அப்போதுதான் நூல் விலையைக் கண்டித்து எதிர்க்கட்சி மறியல் என்றது. அந்தக் கட்சியின் மகளிரணியில் இருந்த எங்கள் தெரு சரோஜாக்கா வீட்டில் கூட்டம். மங்கலம் ரோட்டில் நூறு கறுப்புக் கொடி பறக்கும் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"துணி நம்ம கம்பெனில கெடக்குக்கா!" என்று கத்தினேன். நான் கட்சிக்காரியே இல்லை, வாய்தான் முந்திக்கொண்டது.

முதலாளி ஆளுங்கட்சிக்காரர். "எதுக்குன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க" என்று, ஆர்டர் ரத்தாகிக் கிடந்த கறுப்பு பனியன் துணியை அள்ளிக் கொடுத்தார். ஒரே பகலில் வெட்டிக் குச்சியில் மாட்டினோம். மறுநாள் ரோட்டில் தூக்கிப் பிடித்தால், நூறும் சுருண்டு குச்சியோடு ஒட்டிக்கொண்டன. பனியன் துணியின் வெட்டிய ஓரம் சுருளும் என்பது தினமும் அதையே தைக்கும் எங்களுக்குத் தெரியாதா? உற்சாகத்தில் ஒருத்திக்கும் நினைவில்லை.

"ஏன் கண்ணு, கொடி எங்க? வெறுங்குச்சிதான் தெரியுது!" சரோஜாக்கா முகம் செத்துப்போனது.

"ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சா விரியும்க்கா" என்றேன்.

குச்சிகளை உருவிப் போட்டுவிட்டுத் துணிக்கு இரண்டு பேராகப் பிடித்தோம். வரிசை ரோட்டை அடைத்து நீண்டது. என் துணிக்கு மட்டும் மறுமுனையில் ஆளில்லை. எதிரே டீக்கடையில் மற்ற கம்பெனி முதலாளிகளோடு எங்கள் முதலாளி நின்றிருந்தார்.

"மொதலாளி, இதப் புடிங்க!"

"நான் உங்க கச்சி இல்லீங்க அம்மிணி."

"நானுந்தான் இல்ல. நூல் வெல ஏறுனது ரெண்டு பேருக்குந்தான?"

சுற்றுமுற்றும் பார்த்தார். டீ கிளாஸை வைத்துவிட்டு வந்து பிடித்தார். அவ்வளவுதான், கடையில் நின்ற மற்ற முதலாளிகளும் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். தொண்டை கட்டும்வரை கத்தினேன். அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை. துணியை விடாமலே அவர் சொன்னார்: "வர்றது வரட்டும். திங்கக்கெழம கம்பெனியத் தொறந்தர்றேன், வந்துருங்க."

சொன்னபடி திறந்தார். ஒரு வருஷம்தான் ஓடியது, பிறகு நஷ்டத்தில் ஒரேயடியாக மூடிவிட்டார். இப்போது ஒரு பெரிய கம்பெனியில், தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளில் சம்பளத்துக்கு நிற்கிறார். அதே ஹாலில்தான் நானும் தைக்கிறேன். "மொதலாளின்னு கூப்புடாதீங்க அம்மிணி, எல்லாருஞ் சிரிக்கறாங்க. பேரச் சொல்லுங்க" என்கிறார்.

எனக்கு இன்னும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை.