சுவரில் நாற்பத்தொரு கோடுகள்

பக்கத்து வீட்டில் நெத்திலி பொரிக்கும் வாசனை இன்று காலை என் குளுவாங் வீட்டுக்குள் வந்தது. செடெனாக் பக்கம், இப்போது தொழிற்சாலைகள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடும், அதன் அடுப்படிச் சுவரில் அப்பா கரியால் இழுத்த கோடுகளும் கண்முன் வந்தன.

தைப்பூசக் காவடிக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பதாக அப்பா முருகனுக்கு வேண்டியிருந்தார். விடியுமுன் குளித்து, திருநீறு பூசி, சுவரில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போவார். அவருக்கென்று தனிச் சட்டியும், மறந்து யாரும் எடுத்துவிடாதபடி மஞ்சள் நூல் கட்டிய தனிக் கரண்டியும் இருந்தன.

நாற்பத்தோராம் நாள், எட்டு வயதுச் சிறுமியான நான், நெத்திலி சம்பல் கிளறிய கரண்டியாலேயே அவருக்குப் பருப்பு ஊற்றிவிட்டேன். முதல் வாயிலேயே அப்பாவின் கை நின்றது.

"புள்ள தெரியாம செஞ்சிருச்சு, சாமி கோவிச்சுக்காதுங்க," என்றார் அம்மா.

அப்பா எழுந்து வாய் கொப்பளித்தார். பிறகு ஈரத்துணியால் அத்தனை கோடுகளையும் அழித்தார். அடி விழும் என்று நின்ற நான், அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணியைப் பிழிந்துகொண்டே என்னிடம், "வாக்கு குடுத்தது நான்தாம்மா, நீ இல்ல," என்றார்.

மறுநாள் காலை சுவரில் ஒற்றைக் கோடு இருந்தது. தைப்பூசம் போய், பங்குனி உத்திரத்தில்தான் அவர் காவடி எடுத்தார். அதுவரை நானும் மீனைத் தொடவில்லை.