ரோடு ஏற ஏற

இந்தக் காலத்து வீடு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? என்ஜினீயர்கள் தாங்கள்தான் என்கிறார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் சொல்கிறேன்: தார் ரோடு போடுகிறவன். சித்தாளாகச் செங்கல் சுமந்து, கொத்தனாராகி, குடவாசல் பக்கம் மாடி வீடுகளில் பாதியைக் கட்டியவன் பேச்சு இது.

எங்கள் தெருவில் முதல் மாடி வீடு என்னுடையது. அன்றைக்கு ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வர வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு போட்டார்கள், மறுபடியும் மறுபடியும் போட்டார்கள். இப்போது இரண்டு படி இறங்கி வர வேண்டும். மழைத் தண்ணீருக்குச் சொல்லவா வேண்டும்? அதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் முகப்பைப் பற்றிக்கூடப் பிறகுதான் பேசுகிறார்கள். முதலில் உயரம்.

போன வருஷம் எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் ஓட்டு வீட்டை இடித்தார். மகன் குவைத்திலிருந்து புது வீட்டுக்கு மாதிரிப் படம் அனுப்பியிருந்தான். அதை எடுத்துக்கொண்டு வாத்தியார் என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி, உங்க கைதான் வேணும். ரோட்டுக்கு மேல நாலு அடி தூக்கிடுங்க. கிறிஸ்துமஸுக்குள்ள குடிபோகணும்."

என் மனைவிக்குக் கேட்டதும் பற்றிக்கொண்டது.

"அவரு மனையில நிக்கிற தண்ணி பூரா எங்க வரும்? என் அடுப்படிக்குத்தான். முடியாதுன்னு சொல்லிடுங்க."

"நான் முடியாதுன்னா கும்பகோணத்துலேருந்து எவனாவது வந்து கட்டுவான்."

"எவனோ கட்டட்டும். நீங்க கட்டாதீங்க."

வாத்தியாரிடம் போனேன். "சார், ரெண்டரை அடி போதுமே. என் பக்கம் தண்ணி வராம இருக்கும்."

அவர் சிரித்தார். "உங்க வீட்டப் பாத்துட்டுத்தாங்க நாலு அடி கேக்கறேன்."

ஒரு காலத்தில் ஊரே வந்து அளவு எடுத்துப் போன வீடு. அதைக் காட்டி இப்படிச் சொன்னார். அந்த ரோஷத்தில் மறுநாளே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினேன். நாலு அடிக்குக் கிராவல் கொட்டி, இடித்து இறுக்கி, சுவர் எழுப்பினேன். பண்டிகைக்கு முன்பே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கார்த்திகையில் பெய்த மழைக்குத் தண்ணீர் நேராக எங்கள் அடுப்படிக்கு வந்தது. மனைவி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு குண்டானை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க வரவழைச்ச தண்ணிதானே? நீங்களே மொண்டு ஊத்துங்க."

குனிந்து மொண்டுகொண்டிருந்தேன். வாத்தியார் தன் போர்டிகோவிலிருந்து கூப்பிட்டார்.

"மேஸ்திரி! எங்க வீட்டுல ஒரு சொட்டு ஏறலைங்க!"

"ஏறாதுங்க சார்," என்றேன். "கட்டினது நான்."