பொம்மையின் முகத்தில் குங்குமம்

என் பெரியம்மா நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவின் அக்காவான அவர்தான் எங்கள் குடும்பத்தில் முதலில் சிட்னிக்கு வந்தவர். ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு வாங்கி, எங்களையும், பின்னால் அம்மாவின் தம்பியான என் மாமாவையும் ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவரும் அவரே. அதனால் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மெரிலேண்ட்ஸில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் திரைச்சீலை என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்பதைக்கூட அவர்தான் தீர்மானித்தார். கதவைத் தட்டாமல் உள்ளே வருவார். வந்த கையோடு குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார்.

ஒன்பது வயதில் அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறக்கூடாது என்றுதான் நானும் வைத்திருக்கிறேன்.

மாமா யூனிவர்சிட்டியில் தன்னோடு படித்த ஜப்பான்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெரியம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. தலையிடியாம். அங்கே ஜப்பானில் மாமியின் அப்பாவோ, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். மாமாவும் மாமியும் எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியேறினார்கள். பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குத் தலைபின்னி விடுவது மாமிதான். அந்தப் பின்னல் பின்னேரம் வரையும் அசையாது. அம்மாவின் தூள்கறியைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார். வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ, பரவாயில்லை என்று மாமா அவருக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த மனுசி எங்களோடு காலந்தள்ளினார்.

அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. சில மாதங்களில் ஜப்பானிலிருந்து கப்பலில் மரப்பெட்டிகள் வந்தன. அனுப்பியவர் மாமியின் அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த முதல் அசைவு அதுதான். பெட்டிகளுக்குள் பொம்மைகள் இருந்தன. மாமி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தி, தன் ஆங்கிலத்தில் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மார்ச் மாதம் மூன்றாம் தேதி ஜப்பானில் பெண்பிள்ளைகளின் திருநாள். ஹினாமட்சுரி என்று பேர். சிவப்புத் துணி விரித்த படிகளில் ராசா, ராணி, தோழிப்பெண்கள், மேளக்காரர் என்று பொம்மைகளை அடுக்கி, பிள்ளை நோய்நொடியில்லாமல் வளரவேண்டும் என்று கேட்பார்கள். இந்தப் பொம்மைகள் மாமி பிறந்தபோது அவருடைய அப்பா வாங்கியவை. மாமியின் அம்மா, புருசனுக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: குழந்தையைப் பொம்மைகளின் முன்னால் இருத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் அதை அப்பாவுக்குக் காட்டுகிறேன். தான் வாங்கிய பொம்மைகளுக்கு முன்னால் பேத்தி இருப்பதைக் கண்டால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று அந்த மனுசன் சொல்லத்தான் செய்வார்.

இதைச் சொல்லும்போது மாமியின் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்தப் படத்தை நானே எடுத்து, நானே கொண்டுபோய்த் தபாலில் போடவேண்டும் போல எனக்கு இருந்தது.

மாமா பின்வளவில் கிடந்த பலகைகளையும் செங்கற்களையும் கொண்டு வந்து படி கட்டினார். மாமி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொம்மையாக வெளியே எடுத்தார். ஒவ்வொரு முகத்தையும் மெல்லிய கடதாசியால் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. சிப்பியை மாவாக அரைத்துக் குழைத்துப் பூசிய முகங்கள், பால்போல வெள்ளை. விரல் பட்டால் அழுக்கேறும், ஈரம் பட்டால் கரையும் என்றார். முகத்தை மட்டும் தொடாதே என்று எனக்குப் பலமுறை சொன்னார். குட்டித் தட்டுகளையும் பெட்டகங்களையும் அடுக்க என்னை விட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கினேன்.

எல்லாம் கெட்டது மாமாவால். பெரியம்மாவை எப்படியாவது இந்தக் கல்யாணத்தோடு ராசியாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார்.

"அக்கா, அவையளும் எங்களை மாதிரித்தான். படி கட்டிப் பொம்மை வைக்கினம். எங்கட நவராத்திரிக் கொலுதான், வேற ஒண்டுமில்லை."

பக்கத்தில் நின்ற எனக்கு அப்போது அது சரியாகத்தான் பட்டது. நல்லெண்ணம்தான். நாசமாய்ப் போன நல்லெண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியம்மா பட்டுச்சேலையில் வந்து இறங்கினார். பின்னால் பெரியப்பா பித்தளைத் தட்டம், குத்துவிளக்கு, கும்பம் வைக்கச் செம்பு, அவித்த கடலை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தார். அக்கா மனம் மாறி வந்துவிட்டா என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வீறிட்டு அழுத குழந்தைக்குக் கிமோனோ உடுத்திக்கொண்டிருந்தார். மாமா அங்கேயே கமெராவுக்குப் பிலிம் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியம்மா படிகளுக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார். சாமியைக் காணவில்லையே என்றார். பிறகு தானே யோசித்து, மேல்படியில் இருக்கும் சோடி அப்பனும் அம்மையுமாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார். கிண்ணத்தில் சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

தொடவேண்டாம், முகத்தைத் தொடக்கூடாது என்று மாமி சொன்னவ என்று கத்தினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"பொம்பிளைச் சாமி பொட்டில்லாமல் இருக்கிறதோ? அதுவும் நல்லநாள் பெருநாளில? நீ சும்மா இரு."

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என்னைப் பிடித்துத் தொடையில் நுள்ளினார். நாலு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் என் அம்மா செய்த வேலை அது. ராணிக்கு ஈரச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் அப்பியாயிற்று. ராசாவுக்குத் திருநீற்றுக்குறி. தோழிப்பெண்கள், மேளக்காரர் ஒருவரும் தப்பவில்லை. பிறகு பெரியம்மா விளக்கைக் கொளுத்திக் கண்ணை மூடித் தேவாரம் பாடினார். உண்மையாகவே உருகித்தான் பாடினார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரு திட்டோடு என் கோபம் தீர்ந்திருக்கும்.

தேவாரம் முடிய, மாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தார். படிகளைக் கண்டார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கமெராவோடு பின்னால் வந்த மாமாவின் முகம் செத்துப்போயிற்று. பெரியம்மா சிரித்துக்கொண்டே, "வாரும் பிள்ளை, வந்து கும்பிடும்" என்றார்.

மாமி ஒவ்வொரு படியாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பரவாயில்லை, அக்கா."

அப்போதாவது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். மாமியின் முகத்தைப் பார்த்துப் பதறிய அம்மா, உதவி செய்கிறேன் என்று, குசினியிலிருந்து ஈரத்துணியைக் கொண்டுவந்து ராணியின் நெற்றியைத் துடைத்தார். பொட்டோடு சேர்ந்து நெற்றி போயிற்று. இன்னொருமுறை துடைத்தார், மூக்கும் போயிற்று. உள்ளே இருந்த மரம் மண்ணிறத்தில் தெரிந்தது. கழன்ற முகம் வெள்ளைச் சேறாய்த் துணியில் இருந்தது. மாமி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தபோது நேரம் கடந்துவிட்டது.

முதலில் வாய் திறந்தவரும் பெரியம்மாதான்.

"மலிவுச் சாமான்போல கிடக்கு. நல்ல சாயமெண்டால் இப்பிடிக் கழருமே?"

பெரியப்பா சிரித்தார். சமாளிப்பதற்காக மாமாவும் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பை அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு எல்லோரும் சாப்பிட இருந்தார்கள். மாமி விடிய எழும்பி வினாகிரி போட்டுக் கிளறி, மெல்லிசாய் அரிந்த முட்டைப் பொரியலைத் தூவிச் செய்த சோற்றை, பழஞ்சோறு மாதிரிப் புளிக்குது என்றார் பெரியம்மா. மாமி எல்லோருக்கும் பரிமாறினார். சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ என்றார். நான் சாப்பிடமாட்டேன் என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே போய் நின்று அழுதேன். பெரியம்மாவைவிட எனக்கு அந்த நேரம் மாமிமேல்தான் ஆத்திரம். கத்தவேண்டியதுதானே? தட்டத்தைத் தூக்கி எறியவேண்டியதுதானே? இப்படியும் ஒரு மனுசி இருப்பாளா, உப்புச்சப்பில்லாமல்?

மாமா வைத்த கமெரா கதிரையிலேயே கிடந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

மாமியின் அம்மா அன்று பின்னேரம் போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். மாமா, பெரியம்மாவையும் பெரியப்பாவையும் ஸ்ட்ராத்ஃபீல்டில் கொண்டுபோய் விடப் போயிருந்த நேரம் மணி அடித்தது. மாமி நடையில் நின்று பேசினார். பேசப் பேச, எதிரில் ஆள் நிற்பதுபோலத் தலையைக் குனிந்து குனிந்து நிமிர்ந்தார். அந்தப் பக்கத்துக் குரல் முதலில் விசுக்கென்று உயர்ந்தது. பிறகு தணிந்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. மாமியும் திரும்பத் திரும்ப ஏதோ சொன்னார். நான் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சொல்லுகிறா. எங்கள் ஆட்களின் வண்டவாளத்தை எல்லாம் கொட்டுகிறா. சொல்லட்டும், நல்லாச் சொல்லட்டும் என்று எனக்குள்ளே ஒரே கொண்டாட்டம். அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

அந்தப் படம் போகவேயில்லை. பிறகு மாமா குழந்தையின் வேறு படங்களை அனுப்பினார். அவற்றைப் பார்த்து அந்தக் கிழவரின் மனம் இளகவில்லை. அவருக்கு அது எங்கேயோ வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளை. அவர் இறந்தபோது மாமி தனியாகத்தான் போய் வந்தார். பெரியம்மாவோ கல்யாண வீடு, பிறந்தநாள் எங்கே போனாலும், ஜப்பான்காரச் சாமிக்குப் பொட்டு வைத்த கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைத்தார். இன்றும் வைக்கிறார்.

அந்தக் குழந்தை வளர்ந்து, யூனிவர்சிட்டியால் ஒரு வருஷம் ஜப்பானுக்குப் படிக்கப் போனாள். முதல்தடவையாக மாமியின் அம்மாவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே எனக்குப் போன் எடுத்தாள். வாசலில் அவளைக் கண்டதும் அந்த வயதான மனுசி கட்டிப்பிடிக்கவில்லையாம். பாயில் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் பட மன்னிப்புக் கேட்டாராம். உன் முதல் திருநாளைக் கெடுத்தவள் நான்தான், முகங்களை இன்னும் நல்லாகச் சுற்றிக் கட்டத் தெரியாமல் அனுப்பிவிட்டேன், கப்பலிலேயே உடைந்துவிட்டதாமே என்றாராம்.

"அக்கா, அது ஷிப்பிலயா உடைஞ்சது?" என்று கேட்டாள்.

அன்றைக்கு மாமி போனில் எங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பிழை முழுவதையும் தூக்கித் தன் அம்மாவின் தலையில் வைத்திருக்கிறார். நான் சுவரோடு இருந்து சந்தோசமாகக் கேட்டது அதைத்தான்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் ஒருவர்கூட இன்றுவரை கேட்கவில்லை. அவள் சொல்லித்தான் தெரிகிறது, ஒவ்வொரு மார்ச்சிலும் மாமிக்குப் போன் எடுத்து அந்த வயதான மனுசிதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.